டைமிங் கியர் உடைந்த ஜீப் இன்ஜின்: எவ்வளவு பிரிப்பது, எந்தக் கியரைப் போடுவது?

புதிதாக வேலை பார்த்துக் கட்டிய பெட்ரோல் ஜீப் இன்ஜின் சில நூறு கிலோமீட்டர் நன்றாக ஓடுகிறது. பிறகு ஒரு நாள் ஓட்டத்திலேயே சட்டென அணைந்துபோகிறது. செல்ஃப் அடித்தால் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிப்பதில்லை. வில்லிஸின் எஃப்-134 ஹரிக்கேன் இன்ஜினில் இப்படி நடந்தால் முதல் சந்தேகம், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டின் ஃபைபர் டைமிங் கியர் மீதுதான் விழ வேண்டும். கிராங்கின் சுழற்சி கேமுக்குப் போவது அதன் வழியாகத்தான். 1953-ல் வந்த சிஜே-3பி ஜீப்பில் இருந்த 2,199 சிசி இன்ஜின் இது. அமெரிக்காவில் அந்த மாடல் 1968-ல் நின்றுபோன பிறகும் மஹிந்திரா ஜீப்புகளில் இங்கே தொடர்ந்து ஓடியது. பழைய ஜீப்பைத் தூசி தட்டி ஓட்டுபவர்கள் கையில் இன்றும் இது இருக்கிறது.

கியர் உடைந்தது தெரிந்ததுமே பெரும்பாலோர் கேட்கும் கேள்வி, "ஃபைபரே போடலாமா, ஸ்டீல் போடலாமா?" என்பதுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. பழைய இன்ஜினில் ஃபைபர் கியர் வயதாகி உடையும். புதிதாகக் கட்டிய இன்ஜினில் அது உடைந்தால், கட்டும்போது நடந்த ஏதோ ஒன்று அதை உடைத்திருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். அந்தக் காரணம் உள்ளேயே இருக்கும்வரை எந்தக் கியரைப் போட்டாலும் அடுத்த உடைப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது.

மூடியைக் கழற்றும் முன்

முதலில் செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள். ஒரு பல் போன கியரை மேலும் மேலும் சுற்றினால், கிராங்க் கியர் மிச்சமுள்ள பற்களையும் அரைத்துத் தள்ளிவிடும். முதலில் எங்கே, எப்படி உடைந்தது என்பதற்கான தடயம் அதோடு போய்விடும்.

இந்த இன்ஜினில் கேம் ஷாஃப்ட்தான் ஆயில் பம்பைச் சுற்றுகிறது. ஆயில் பம்ப் ஷாஃப்ட் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுகிறது. பெட்ரோல் பம்பின் கையைத் தள்ளுவதும் கேம்தான். அதனால் கேம் நின்றால் கரண்ட், பெட்ரோல், ஆயில் பிரஷர் மூன்றும் ஒரே நேரத்தில் நிற்கும். காயிலை மாற்றி, கார்பரேட்டரைக் கழற்றி, பாயிண்ட்டைத் தேய்த்து ஒரு நாளை வீணாக்குவது இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காததால்தான்.

உறுதி செய்ய ஹேண்டில் போதும். நான்கு பிளக்கையும் கழற்றி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் மேலே உள்ள ராக்கர் மூடியையும் எடுத்துவிட்டு, ஒருவர் முன்னால் நின்று ஹேண்டிலை மெதுவாகச் சுற்ற வேண்டும். இன்னொருவர் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டாரையும், வால்வை அழுத்தும் ராக்கரையும் பார்க்க வேண்டும். இது எஃப்-ஹெட் இன்ஜின் என்பதால் மேலே தெரிவது நான்கு இன்டேக் ராக்கர்கள் மட்டுமே. எக்ஸாஸ்ட் வால்வுகள் பிளாக்கில், பக்கவாட்டு மூடிக்குப் பின்னால் இருக்கின்றன.

ரோட்டாரும் ராக்கரும் இரண்டுமே அசையவில்லை என்றால் டைமிங் கியரோ, அதை ஷாஃப்ட்டோடு பூட்டும் சாவியோ (கீ) போயிருக்கிறது. ராக்கர் அசைகிறது, ரோட்டார் மட்டும் நிற்கிறது என்றால் டைமிங் கியர் நன்றாக இருக்கிறது. ஆயில் பம்பைச் சுற்றும் கியரையும் அதன் பின்னையும் பாருங்கள். முன்பக்க ராக்கர்கள் அசைந்து பின்பக்கம் நின்றால் கேம் ஷாஃப்ட்டே முறிந்திருக்கிறது. ரோட்டார் சிறிது தூரம் சுற்றி, ஓரிடத்தில் நின்று, மறுபடி குதித்துச் சுற்றினால் ஓரிரு பற்கள் மட்டும் போயிருக்கின்றன. இந்தக் கடைசி நிலை அகப்பட்டால் நல்லது, தடயம் முழுசாக இருக்கும்.

விரலைப் பிளக் துளையில் வைத்துப் பார்ப்பதும் உதவும். கேம் நின்றுவிட்டால் வால்வுகள் இருந்த இடத்திலேயே நின்றுபோயிருக்கும். இரண்டு வால்வும் மூடி நின்ற சிலிண்டர், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தள்ளுவதற்குப் பதிலாக ஒவ்வொரு சுற்றிலும் விரலைத் தள்ளும். வால்வு திறந்து நின்ற சிலிண்டரில் அழுத்தமே இருக்காது.

சிரமமானது, எல்லாம் சுற்றினாலும் இன்ஜின் சரியாக ஓடாத நிலை. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஒரே அளவில் குறைந்திருக்கிறது, கார்பரேட்டர் வழியாகத் தும்முகிறது, இக்னிஷனை 5 டிகிரிக்குக் கொண்டுவர டிஸ்ட்ரிபியூட்டரைக் கடைசிவரை திருப்ப வேண்டியிருக்கிறது. இதில் தும்மலும் இக்னிஷன் விலகலும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றும் ஆயில் பம்பை ஒரு பல் தள்ளிப் பூட்டியதாலும் வரலாம், கேம் கியர் ஒரு பல் தாவியதாலும் வரலாம். டிஸ்ட்ரிபியூட்டரை மறந்துவிட்டு வால்வைப் பாருங்கள். புல்லி குறியை வைத்து 1, 4 பிஸ்டன்களை உச்சியில் நிறுத்துங்கள். அந்த இரண்டில் ஒரு சிலிண்டரில் எக்ஸாஸ்ட் மூடி முடியும் தறுவாயிலும் இன்டேக் திறக்கத் தொடங்கிய நிலையிலும் இருக்க வேண்டும். இன்டேக் உச்சிக்கு 9 டிகிரி முன்பு திறக்கிறது, எக்ஸாஸ்ட் 12 டிகிரி பின்பு மூடுகிறது. எனவே உச்சியின் இருபுறமும் ஏறக்குறைய சமமாகத் தெரியும். ஒரு பல் தாவினால் எத்தனை டிகிரி விலகும் என்பதற்குக் கிராங்க் கியரின் பற்களை எண்ணி 360-ஐ அதால் வகுத்துக்கொள்ளுங்கள். கண்ணாலேயே தெரியும் அளவு வித்தியாசம் வரும். வால்வு சரியாக இருந்தால் இக்னிஷன் கோளாறு ஆயில் பம்ப், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம்தான். முன்மூடியைத் தொட வேண்டாம்.

பல் உடைந்த விதம்

ரேடியேட்டர், ஃபேன், புல்லி எல்லாம் இறங்கி, டைமிங் மூடி கையில் வந்த பிறகு எதையும் துடைக்காதீர்கள். முதலில் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். இன்ஜின் கட்டியவரிடம் பேச வேண்டியிருந்தால் உங்களிடம் இருக்கும் ஆதாரம் அதுதான். உடைந்த துண்டுகளையும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

இரண்டு மூன்று பற்கள் ஓரிடத்தில் வேரோடு போயிருந்து, மற்றவை கூர்மையாக, புதிதுபோல் இருந்தால், ஏதோ ஒன்று கேமைத் திடீரென்று பிடித்து நிறுத்தியிருக்கிறது. புதிதாகக் கட்டிய இன்ஜினில் இதற்கு இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும். ஒன்று, இறுக்கமாக ரீமர் போட்ட வால்வ் கைடில் சூடேறிய வால்வ் சிக்கிக்கொள்வது. மற்றது, கேமின் முன் புஷ். இந்த இன்ஜினில் கேமுக்கு முன்னால் மட்டும்தான் மாற்றக்கூடிய புஷ் உண்டு. மற்ற இடங்களில் கேம் நேரடியாகப் பிளாக்கிலேயே ஓடுகிறது. அந்தப் புஷ்ஷை அடிக்கும்போது ஆயில் துளை பிளாக்கின் துளைக்கு நேராக வராவிட்டாலோ, புஷ் திரும்பாமல் இருக்க அதைப் பஞ்ச் அடித்துப் பதிக்காமல் விட்டாலோ, கொஞ்ச தூரத்தில் ஆயில் அடைபட்டு கேம் பிடித்துக்கொள்ளும்.

எல்லாப் பற்களும் ஒரே மாதிரி மெலிந்து, முகம் கருகிப் பளபளத்திருந்தால் ஆயில் வரவில்லை, அல்லது பல் இறுக்கமாக அழுந்தி ஓடியிருக்கிறது. பிளாக்கின் முன்முகத்தில் இந்தக் கியர்கள் மீது ஆயில் தெளிக்க ஒரு சிறிய ஜெட் இருக்கிறது. பிளாக்கைக் கழுவும்போது உள்ளே கிளம்பிய கசடு, தாராளமாகப் பூசிய சிலிக்கான் பசை, இவற்றில் ஒரு துளி போதும் அதை அடைக்க. மெல்லிய கம்பியைவிட்டுப் பாருங்கள். கம்பி போனால் மட்டும் போதாது, ஆயில் வர வேண்டும். பிரஷர் கேஜ் இணையும் துளையில் கைப்பம்பு மூலம் ஆயிலை அழுத்தினால், ஜெட்டிலிருந்து ஆயில் வருவதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஜெட் சரியாக இருந்தும் பல் கருகியிருந்தால் பிளாக்குக்கு லைன் போரிங் நடந்ததா என்று கேளுங்கள். மெயின் பேரிங் இருக்கையை நேராக்க வெட்டும்போது கிராங்க் மேல்நோக்கி, கேமின் பக்கம் நகர்கிறது. சில ஆயிரத்தில் ஒரு இன்ச் நகர்ந்தாலே பல் இடைவெளி முழுக்க மறைந்துவிடும். இந்த இன்ஜினுக்கான பல் இடைவெளி (பேக்லாஷ்) 0 முதல் 2 ஆயிரத்தில் ஒரு இன்ச் (0.05 மி.மீ.) வரைதான், விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

பல்லின் அகலத்தில் முன்பாதியோ பின்பாதியோ மட்டும் தேய்ந்திருந்தால், கியர் கடைசிவரை ஏறி உட்காரவில்லை, அல்லது கேம் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் பிளேட்டோடு இருக்க வேண்டிய ஸ்பேசர் சரியில்லை. ஃபைபர் வளையம் நடுவிலுள்ள இரும்பு ஹப்பிலிருந்து கழன்றிருந்தால், சுத்தியலால் அடித்து ஏற்றியிருக்கிறார்கள், இல்லையென்றால் பல வருடம் அலமாரியில் காய்ந்த கியர் அது.

கடைசியாக, நகத்தை வைத்துக் கிராங்க் கியரின் ஒவ்வொரு பல்லிலும் விளிம்புவரை இழுத்துப் பாருங்கள். புல்லர் வழுக்கிப் பட்ட சிறு காயம் ஒன்று நகத்தில் மாட்டினாலும் போதும், அந்தப் பல் புது ஃபைபரைத் தினமும் சீவும்.

எவ்வளவு பிரிப்பது

மூன்று வழிகள் இருக்கின்றன: முன்பக்கம் மட்டும் திறந்து கியரை மாற்றிவிட்டு மூடுவது, அதோடு ஆயில் சம்ப்பையும் இறக்குவது, இன்ஜினை வெளியே எடுத்து முழுதாகப் பிரிப்பது.

முதல் வழியை யாருக்கும் சிபாரிசு செய்ய முடியாது. இதில் வழக்கமாக இருக்கும் ஆயில் ஃபில்டர், பம்பிலிருந்து வரும் ஆயிலில் ஒரு பகுதியை மட்டுமே வடிகட்டுகிறது. மிச்சம் நேராகப் பேரிங்குக்குப் போகிறது. உடைந்த ஃபைபர் முழுவதும் சம்ப்பில்தான் கிடக்கும். அங்கே மிதக்கும் ஸ்ட்ரெய்னரின் வலையில் ஒட்டிக்கொண்டால் பம்ப் மூச்சுத்திணறும். பொடியாகி வலையைத் தாண்டிவிட்டால் பேரிங்குக்கும் அந்தச் சின்ன ஆயில் ஜெட்டுக்கும் போய்ச் சேரும். அப்போது புதுக் கியருக்கும் பழைய கியரின் கதிதான். ஆயிலை வடித்து, சம்ப்பில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி அலசுவதால் இது தீராது.

அதனால் குறைந்தபட்ச வேலை இரண்டாவது வழி. சேசிஸில் இருக்கும்போதே சம்ப்பை இறக்கி, ஸ்ட்ரெய்னரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஒரு கனெக்டிங் ராட் மூடியையும் ஒரு மெயின் மூடியையும் கழற்றிப் பேரிங் முகத்தைப் பாருங்கள். புதுப் பேரிங் மங்கிய சாம்பல் நிறத்தில் சீராக இருந்தால் மூடிவிடலாம். கோடு கோடாகக் கீறலோ, செம்பு நிறமோ தெரிந்தால் மற்றவற்றையும் பார்த்தே ஆக வேண்டும்.

ஓட்டியவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அணைந்த பிறகு வண்டி கியரில் எவ்வளவு தூரம் உருண்டது? கேம் நின்ற கணத்திலேயே ஆயில் பம்பும் நின்றுவிட்டது. உடனே கிளட்சை மிதித்திருந்தால் கிராங்க் சில சுற்றுகளில் நின்றிருக்கும். மலை இறக்கத்தில் இரண்டாவது கியரில் இன்ஜின் பிரேக்காகவே இறங்கியிருந்தால், அந்தத் தூரம் முழுக்கக் கிராங்க் ஆயில் இல்லாமல் சுற்றியிருக்கிறது. அப்படியானால் சம்ப்பில் சுத்தமாகத் தெரிந்தாலும் எல்லாப் பேரிங்கையும் திறந்து பாருங்கள்.

மூன்றாவது வழிக்குப் போவதா என்பதை ஒரு சின்ன சோதனை சொல்லிவிடும். கேம் கியரைப் புல்லர் போட்டுக் கழற்றிய பிறகு, டேப்பட் எல்லாவற்றையும் தளர்த்தி, வால்வுகள் எதுவும் கேமை அழுத்தாதபடி செய்துவிட்டுக் கேமைக் கையால் திருப்புங்கள். விரலுக்கு லேசாக, ஒரே மாதிரி சுற்ற வேண்டும். ஓரிடத்தில் கனத்தால் ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு மறுபடி திருப்புங்கள். அப்போதும் கனத்தால் முன் புஷ் அல்லது கேம் வளைவு. இன்ஜின் வெளியே வர வேண்டும். லேசாகச் சுற்றி, ஆனால் உடைப்பு திடீர்ப் பிடிப்பின் அடையாளத்தைக் காட்டினால் வால்வ் கைடுகளைச் சோதியுங்கள். அதற்கு இன்ஜினை இறக்கத் தேவையில்லை, ஹெட்டும் பக்கவாட்டு மூடியும் திறந்தால் போதும். காரணம் ஜெட், ஸ்பேசர், சாவி, அடித்து ஏற்றிய ஹப் என முன்பக்கத்திலேயே கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் இரண்டாவது வழியோடு நிறுத்திக்கொள்ளலாம். காரணம் தெரியவில்லை என்றால் மூன்றாவதுதான், செலவு கசந்தாலும்.

எந்தக் கியர்

புது ஃபைபர் கியர்: ரெசினில் தோய்த்த துணி அடுக்குகளை அழுத்திச் செய்தது. சத்தமில்லாமல் ஓடும், வால்வ் ஸ்பிரிங் கேமை முன்னும் பின்னும் உதைப்பதைத் தாங்கி அமுக்கும். எல்லாவற்றையும்விட, ஏதாவது பிடித்துக்கொண்டால் இது ஃபியூஸ்போல் தான் போய் மற்றவற்றைக் காப்பாற்றும். கம்பெனி அமைப்பில் ஓடும், காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்த இன்ஜினுக்கு இதுவே போதும் என்பது எங்கள் கருத்து.

பழைய ஸ்டாக் ஃபைபர்: அட்டைப்பெட்டி கிழியாத "ஒரிஜினல்" என்று கிடைக்கும். விலையும் கௌரவமும் அதற்கு உண்டு. ஆனால் பத்தாண்டுகள் காய்ந்த அடுக்குகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பது வெளியே தெரியாது. ஹப்புக்கும் ஃபைபருக்கும் இடையே முடிபோன்ற கோடு தெரிந்தால் வாங்காதீர்கள்.

உள்ளூரில் வெட்டிய ஃபைபர்: ஹைலம் எனும் ரெசின் அடுக்குத் தகட்டைக் கடைந்து ஹாபிங் மெஷினில் பல் வெட்டித் தருவார்கள். இதில் இரண்டு விஷயம் முக்கியம். காகித அடுக்கு ஹைலம் மின்சார வேலைக்கானது. கியருக்குத் துணி அடுக்குதான் வேண்டும், வெட்டிய விளிம்பில் நெசவு தெரியும். அடுத்து, இவை சாய்பல் கியர்கள். சாய்வுக் கோணம் துளி மாறினாலும் பல் ஒரு ஓரத்தில் மட்டும் சுமை ஏற்கும். கிராங்க் கியரில் புளூ (நீல மை) தடவிச் சுற்றி, பல்லின் அகலம் முழுக்க நிறம் படிகிறதா என்று பார்த்த பிறகே ஏற்கலாம். வேறு வழியே இல்லாதபோது மட்டும் இது.

அலுமினியம்: பல் எளிதில் போகாது. ஃபைபர் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், இது கொடுக்காது. இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால், குளிரில் இடைவெளியே இல்லாமல் பூட்டினால் சூட்டில் இறுகி ஊளையிடும். லைன் போரிங் நடந்த பிளாக்கில் இதைப் போடுவது ஆபத்து. தேயும்போது வரும் துகளும் உலோகம், மேலே சொன்ன ஃபில்டர் அதைப் பிடிக்காது.

ஸ்டீல்: சுமையோடு நாள் முழுக்க மலையேறும் வண்டிக்கு, இடைவெளியை அளந்து பூட்டினால், நீடித்து உழைக்கும். ஆனால் நல்ல ஆயில் ஜெட் இதற்கு உயிர். ஸ்டீலோடு ஸ்டீல் உலர்ந்து ஓடினால் இரண்டும் போகும். ஐட்லிங்கில் கரகரப்பு இருக்கும், அதோடு வாழப் பழக வேண்டும். இங்கே பரவலாக உள்ள நம்பிக்கை, ஸ்டீல் போட்டுவிட்டால் தலைவலி தீர்ந்தது என்பது. கேம் இன்னமும் பிடிக்கிற இன்ஜினில் ஸ்டீல் கியர் உடையாது, உண்மைதான். அந்த விசை கேம் சாவிக்கோ, கேம் ஷாஃப்ட்டுக்கோ போகும். கியரைவிடக் கேம் ஷாஃப்ட் கிடைப்பது கடினம்.

எதைத் தேர்ந்தாலும் கிராங்க் கியரையும் சேர்த்து ஜோடியாக மாற்றுங்கள்.

பூட்டும்போது

கியரைச் சுத்தியலால் ஏற்ற வேண்டாம். அடி கேமைப் பின்னால் தள்ளும். பிளாக்கின் பின்முனையில் கேம் துளையை மூடியிருக்கும் வெல்ஷ் பிளக் கழன்று, கிளட்ச் பக்கம் ஆயில் ஒழுகத் தொடங்கும். அதைச் சரிசெய்ய கியர்பாக்ஸை இறக்க வேண்டும். நீளமான போல்ட்டும் தடித்த வாஷரும் கொண்டு இழுத்து ஏற்றுங்கள், விசை ஹப்பில் மட்டும் படும்படி.

இரண்டு கியரின் குறிகளும் நேருக்கு நேர் வந்தபின் கேமின் எண்ட் பிளேயை (முன்னும் பின்னும் நகரும் அளவு) டயல் கேஜ் வைத்து அளக்கவும்: 4 முதல் 7 ஆயிரத்தில் ஒரு இன்ச் (0.10-0.18 மி.மீ.). குறைவாக இருந்தால் ஸ்பேசருக்குப் பின்னால் ஷிம் (மெல்லிய தகடு) போடலாம். பேக்லாஷை ஒரே இடத்தில் அளந்து திருப்திப்படாமல், கியரைக் கால் சுற்றாகத் திருப்பி நான்கு இடத்தில் அளக்க வேண்டும். ஓரிடத்தில் தளர்ந்து எதிர்ப்புறம் இறுகினால் கியர் வட்டமாக இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றினால் குறிகள் மறுபடி சந்திக்க வேண்டும். டேப்பட் இடைவெளி குளிரில் இன்டேக் 18, எக்ஸாஸ்ட் 16 ஆயிரத்தில் ஒரு இன்ச்.

ஸ்டார்ட் செய்யும் முன் பிளக் இல்லாமல் செல்ஃப் அடித்து ஆயில் கேஜ் முள் எழுவதைப் பாருங்கள். சூடேறிய இன்ஜினில் ஐட்லிங்கில் 6 பிஎஸ்ஐக்குக் கீழும், மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் 20 பிஎஸ்ஐக்குக் கீழும் போகக் கூடாது. வேகத்தோடு சேர்ந்து ஏறும் மெல்லிய ஊளை கேட்டால் பல் இறுக்கம். ஐட்லிங்கில் தட்டித் தட்டி, ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் மறைந்தால் தளர்வு. ஊளையோடு வண்டியை ஓட்டிப் பழக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அன்றே மூடியைத் திறந்து மறுபடி அளந்துவிடுங்கள். சுமார் 100 கி.மீ. ஓடியதும் ஆயிலை வெள்ளைத் துணி வழியாக வடித்துப் பாருங்கள். பழுப்புத் தூள் இன்னும் வந்தால் சம்ப்பை மறுபடி இறக்க வேண்டும்.